மீன் கறுக்கலாம்... கருகக் கூடாது!

"டாக்டர், அமெரிக்காவிலே இருக்கிற பொண்ணு ஒரு மசாலா டப்பா கொண்டு வந்தா. அதைத் தடவி வறுத்தா மீன் கன்னங்கரேல்னு ஆயிடுது. அங்கே ஓட்டல்லே இதை விரும்பிச் சாப்பிடறாங்களாம். நம்ம உடம்புக்கு ஆகுமா?"

நெஞ்செரிச்சலுக்கு மருந்து வாங்க வந்த ஓர் அம்மாள் கேட்ட கேள்வி இது. கையோடு டப்பாவையும் கொண்டு வந்திருந்தார். நல்ல கேள்விதான். அந்த ஒரு டப்பாவை வைத்துக்கொண்டே மீனைப் பற்றி வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய பல விஷயங்களைப் பேசிவிடலாம்.

அது என்ன கறுப்பு வறுவல்? அமெரிக்காவின் தெற்கே, மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி லூசியானா என்றொரு மாநிலம். ஆறும் சதுப்பும் கடலுமாக மீனுக்குக் குறைவில்லாத இடம். அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பால் புருதோம் என்ற சமையல் கலைஞர் 1979-ல் ஓர் உணவகம் ஆரம்பித்தார். 1980-களில் அவர் பிரபலமாக்கியதுதான் இந்த வறுவல். கனமான இரும்புச் சட்டியை எண்ணெய் விடாமல் நன்றாகக் காய வைப்பார்கள். மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் முக்கி, மசாலாத் தூளில் புரட்டி, அந்தச் சட்டியில் போட்டால் 'சுர்'ரென்று புகை கிளம்பும். இரண்டு பக்கமும் சில நிமிஷம். அவ்வளவுதான் சமையல்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கறுப்பு கரியின் கறுப்பு இல்லை. வெண்ணெயில் இருக்கும் பால் சத்தும் மசாலாவும் சேர்ந்து சிவந்து, பழுப்பாகி, கறுப்பை எட்டிப் பார்க்கும்போதே மீனை எடுத்துவிடுவார்கள். மேலே ஒரு மெல்லிய ஓடு. உள்ளே மீன் வெள்ளையாக, ஈரமாக இருக்கும். நம் வீடுகளில் பலர் நினைப்பது போலத் தீய விட்டது அல்ல.

அவர் இதற்கு எடுத்துக்கொண்டது 'ரெட்ஃபிஷ்' என்ற மீன். நம் கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் கத்தாளை இருக்கிறதே, அந்தக் குடும்பத்து மீன். வறுவல் பிரபலமானதும் நாடு முழுக்க ஓட்டல்களில் அந்த மீனையே கேட்க ஆரம்பித்தார்கள். வலை போட்டு அள்ளினார்கள். கடைசியில் 1980-களின் பிற்பாதியில், வளைகுடாவில் மத்திய அரசின் கட்டுப்பாட்டிலிருந்த கடல் பகுதியில் அதை வியாபாரத்துக்குப் பிடிக்கவே தடை போட வேண்டியதாயிற்று. ஒரு வறுவலால் ஒரு மீனுக்கு வந்த கதி! நாமும் 'வஞ்சிரம் இருக்கா?' என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்கத் தெரியாதவர்களாகி வருகிறோம். அதைப் பிறகு பார்ப்போம்.

டப்பாவுக்குள் என்ன?

அந்த அம்மாளின் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். முதலில் எழுதியிருந்தது உப்பு! எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். அவருக்கு ரத்தக்கொதிப்பும் உண்டு. உப்பு ஒன்றுக்காகவே அந்த டப்பா அவருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

மற்றவை? காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள், காரமான மிளகாய்த் தூள், கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு, உலர்ந்த பூண்டு, உலர்ந்த வெங்காயம், அப்புறம் தைம், ஆரிகேனோ என்று இரண்டு உலர்ந்த இலைகள். இதில் நமக்குத் தெரியாதது அந்த இரண்டு இலைகள் மட்டும்தான். அதுவும் பெயர்தான் தெரியாது, வாசனை தெரியும்! தைம் இலையின் மணத்துக்குக் காரணமான தைமால் என்ற பொருள் நம் ஓமத்திலும் இருக்கிறது. ஓமத்தைக் கசக்கி முகர்ந்தால் வரும் அதே வாசனை. ஆரிகேனோவுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடியது, தொட்டியில் வளர்க்கிறீர்களே, சளிக்குக் கொடுக்கும் கற்பூரவல்லி. வெள்ளை மிளகு வேறு செடி அல்ல, தோல் நீக்கிய நம் மிளகுதான். ஆக, நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதைத்தான் விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். மிளகு 50 கிராம், தனியா 50 கிராம், சீரகம் 25 கிராம், காய்ந்த மிளகாய் 25 கிராம், சோம்பு 10 கிராம், ஓமம் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. கறிவேப்பிலையைக் கழுவி ஒரு நாள் நிழலில் உலர்த்தி, வெறும் வாணலியில் மொறுமொறுப்பாகும் வரை வறுக்க வேண்டும். மற்றவற்றைத் தனித்தனியாக, வாசனை வரும் அளவுக்கு மட்டும் சூடு காட்டினால் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் மிளகு சூடாவதற்குள் சீரகம் தீய்ந்துவிடும். ஆற வைத்து, கொஞ்சம் கொரகொரப்பாகப் பொடித்து, மஞ்சள்தூள் கலந்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு வையுங்கள். உப்பு சேர்க்காதீர்கள். உப்பை அன்றன்றைக்குக் கையால் போட்டால்தான் எவ்வளவு போடுகிறோம் என்பது தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் மணம் போய்விடும், அதனால் நிறையச் செய்ய வேண்டாம்.

அரை கிலோ மீனுக்கு இந்தப் பொடி இரண்டு மேஜைக்கரண்டி. எட்டுப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி இரண்டையும் அரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்துக் குழைத்து மீனில் தடவுங்கள். அரை மணி நேரம் ஊறினால் போதும். அதுவும் ஃபிரிட்ஜுக்குள் ஊற வேண்டும். அடுப்பு மேடையில் அல்ல. காரணம் பின்னால் வருகிறது. இரும்பு தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, மிதமான தீயில் ஒரு பக்கம் நன்றாகப் பிடித்த பிறகு ஒரே ஒரு முறை திருப்பிப் போடுங்கள். மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்து மீன் தானாகவே கறுப்பாகும். தீய்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தப் பொடியில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டியிருக்கிறேன், கவனித்தீர்களா? மிளகு எங்கள் திரிகடுகில் ஒன்று. பசியைத் தூண்டும், கபத்தை இளக்கும். ஓமமும் சீரகமும் செரிமானத்துக்கு. வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், அதாவது அழல் மிகுந்த உடம்புக்காரர்கள், மிளகாயை அடியோடு விட்டுவிட்டு மிளகையும் பாதியாக்கிக் கொள்ளலாம். சீரகமும் தனியாவும் அந்த இடத்தை நிரப்பும்.

லூசியானா முறையில் புகை வர வர வறுப்பதை மட்டும் நம் அடுக்குமாடி சமையலறையில் செய்து பார்க்காதீர்கள். ஓட்டலில் புகையை இழுக்கப் பெரிய கூண்டு வைத்திருப்பார்கள். நம் வீட்டில் மிளகாய்ப் புகை நேரே ஹாலுக்குப் போகும். அங்கே ஆஸ்துமா உள்ள மாமியாரோ, கைக்குழந்தையோ இருந்தால் மீன் தட்டுக்கு வருவதற்குள் மூச்சிரைப்பு வந்துவிடும். இன்னொன்று, மீனோ இறைச்சியோ கடும் சூட்டில், நேரடித் தீயில் கருகும்போது புற்றுநோயோடு தொடர்புள்ள சில வேதிப் பொருட்கள் உண்டாகின்றன. என்றைக்கோ ஒரு நாள் ஓரம் தீய்ந்த துண்டைச் சாப்பிட்டால் பயப்பட வேண்டாம். ஆனால் 'அந்தக் கருகின மொறுமொறுப்புதான் டேஸ்ட்டு' என்று வாரா வாரம் சுரண்டித் தின்னும் பழக்கம் நல்லதில்லை. கருகின பாகத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வறுத்த எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் அப்பளம் பொரிப்பதும் வேண்டாம்.

மசாலா மூடி மறைக்கும்!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காரம், புளிப்பு, பூண்டு, கறுப்பு நிறம்... இத்தனையும் சேர்ந்தால் அடியில் இருக்கும் மீன் நல்லதா கெட்டதா என்று நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாமல் போய்விடும். சில கடைகளில் பழைய மீனுக்குத்தான் மசாலா தடவிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைப்பது. கறுப்போ, கண்ணைப் பறிக்கும் சிவப்போ, வேலை ஒன்றுதான். மீன், சிக்கன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதை 2024-ல் கர்நாடக அரசு தடையே செய்தது. அது நிறத்துக்காகப் போட்ட தடை. நான் சொல்ல வருவது அந்த நிறத்துக்கு அடியில் இருப்பதைப் பற்றி.

சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து இயற்கையாகவே அதிகம். மீனைப் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலிலோ, வெக்கையிலோ கிடந்தால், கிருமிகள் அந்தச் சத்தை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பே சுரக்கிறதே, அதே ஹிஸ்டமின்தான். அந்த மீனைச் சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவக்கும். தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், வாய் எரியும், உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் வரும். சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 'எனக்கு அயிலை ஒத்துக்காது, அலர்ஜி' என்று சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையில் அலர்ஜியே கிடையாது. அன்றைக்குச் சாப்பிட்ட மீன் கெட்டது, அவ்வளவுதான்.

இதில் பயப்பட வேண்டியது என்ன தெரியுமா? ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால் பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. வறுத்தாலும் போகாது. ஃபிரீசரில் உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். கிருமி செத்துப் போகும், அது விட்டுப்போன பொருள் சாகாது. பல சமயம் துர்நாற்றம்கூட இருக்காது. நறுக்கென்று மிளகு கடித்த மாதிரி ஒரு காரம் மட்டும் நாக்கில் தட்டும். மிளகு மசாலா போட்ட மீனில் அதை எங்கே கண்டுபிடிப்பது? பத்து மிளகைக் கையில் வைத்துக்கொண்டால் பகையாளி வீட்டிலும் சாப்பிடலாம் என்ற பழமொழியை நம்பிக் கெட்ட மீனைத் தின்று விடாதீர்கள். மிளகு நல்ல மருந்துதான். இந்த நஞ்சை முறிக்கும் சக்தி அதற்கு இல்லை. சித்த மருத்துவனாக இருந்துகொண்டு இதை நானே சொல்கிறேன்!

அப்படி யாருக்காவது வந்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். மூச்சுத் திணறல், மயக்கம், உதடு நாக்கு வீக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் டாக்டரிடம் காட்டி, 'மீன் சாப்பிட்ட பிறகு வந்தது' என்று தவறாமல் சொல்லுங்கள். அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களையும் கவனியுங்கள்.

ஆகவேதான் மசாலாவுக்கு முன்னால் மீனைப் பார்க்கச் சொல்கிறேன். பார்ப்பது எப்படி? கண் தெளிவாக, துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். குழி விழுந்து, பால் படிந்தது போல் இருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ஈரமான சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். வயிறு கெட்டியாக இருக்க வேண்டும். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் முதலில் கெடுவது வயிறுதான். வயிறு வெடித்துக் குடல் வெளியே வந்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நகர்ந்து விடுங்கள். வாசனை கடல் வாசனையாக இருக்கலாம், மூக்கில் ஏறும் நெடியாக இருக்கக் கூடாது. 2018-ல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் பார்மலின் கலந்த மீனைப் பிடித்த செய்தி நினைவிருக்கும். ஈரமே இல்லாமல் விறைத்து, மீன் வாசனையும் இல்லாமல், ஈகூட மொய்க்காமல் இருக்கிற மீனைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

கடையில் துண்டு போட்டு வைத்திருக்கும் பெரிய மீனில் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. எதை வைத்துச் சொல்வது? நான் முழு மீனாகப் பார்த்து, கண் முன்னால் வெட்டச் சொல்லித்தான் வாங்குவேன். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் மீன் விற்ற ஓர் ஆச்சி, "அண்ணாச்சி, மீனைப் பாக்காதீய, ஐஸைப் பாருங்க" என்பார். ஐஸ் உருகின தண்ணீரில் மீன் மிதந்தால் அது வாங்கும் மீன் அல்ல என்பது அவர் கணக்கு. எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

வாங்கின பிறகு நாம் செய்யும் தப்பும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக மீனை வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு, அப்புறம் காய்கறி, அப்புறம் மளிகை, வழியில் நண்பரோடு ஒரு காபி... வீடு சேர்வதற்குள் ஒன்றரை மணி நேரம்! மீன் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். பையோடு கொஞ்சம் ஐஸும் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். வந்ததும் குடலையும் செவுளையும் நீக்கிக் கழுவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். மசாலா தடவி விட்டால் மீன் கெடாது என்பது வெறும் நம்பிக்கை. தடவினாலும் தடவாவிட்டாலும் அதற்குக் குளிர்ச்சி வேண்டும்.

எந்த மீனுக்குக் காசு கொடுக்கலாம்?

பொருட்களின் குணத்தைச் சொல்லும் எங்கள் பழைய நூல்கள் மீனை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. வகை வகையாகப் பிரித்துக் குணம் சொல்கின்றன. நாம்தான் 'மீன் உடம்புக்கு நல்லது' என்று மொத்தமாக முடித்துவிடுகிறோம்.

என் ஓட்டு முதலில் மத்திக்கு. தெற்கே சாளை என்பார்கள். இதயத்துக்கு நல்லது என்று காப்ஸ்யூலாக விற்கிறார்களே ஒமேகா-3 எண்ணெய், அது மத்தியில் தாராளமாக இருக்கிறது. வைட்டமின் டி-யும் உண்டு. அடுத்தது அயிலை, சென்னையில் காணாங்கெளுத்தி. பிறகு நெத்திலி. முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. இந்த மூன்றும் மலிவு என்பதாலேயே விருந்தாளி வந்தால் வாங்க வெட்கப்படுகிறோம்! மீன் எவ்வளவு விலை என்பதற்கும் அதில் எவ்வளவு சத்து என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

வெள்ளைச் சதை மீன்களில் கத்தாளை, கிழங்கான், சங்கரா, சின்னப் பாறை, கொடுவா எல்லாம் நல்லவை. எண்ணெய் குறைவு, எளிதில் செரிக்கும், நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் கொடுக்கலாம். காரப்பொடி ரசம் போலக் கொதிக்க வைத்தால் அருமை. ஆற்று, குளத்து மீன்களில் விராலும், மதுரைப் பக்கத்து அயிரையும் ருசிக்குப் பெயர் போனவை. கட்லா, ரோகு பரவாயில்லை. சாக்கடை கலக்கும் ஏரியில் பிடித்த ஜிலேபிக் கெண்டையும், அரசு தடை செய்திருக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வேண்டவே வேண்டாம். 'முள் இல்லாத மீன்' என்று குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் உறைந்த பாசா துண்டுகளால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மத்தியில் கிடைக்கும் எண்ணெய்ச் சத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் 'ஃப்ரெஷ் வஞ்சிரம்' என்று கூவினால் எங்கிருந்து, எத்தனை நாள் ஐஸில் பயணம் செய்து வந்தது என்று கேளுங்கள். அப்போது கரையோரம் வள்ளத்தில் போய்ப் பிடித்து வரும் சின்ன மீன்களும், உயிரோடு கிடைக்கும் நன்னீர் மீன்களும்தான் சரி.

வஞ்சிரத்தை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? தூத்துக்குடிக்காரர்கள் சீலா என்பார்கள். (சென்னையில் சீலா என்று கேட்டால் வேறு மீனைக் கொடுப்பார்கள், ஜாக்கிரதை.) ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடலில் சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது, அதை இன்னும் பெரிய மீன் தின்கிறது. தண்ணீரில் துளித் துளியாக இருக்கும் பாதரசம் இப்படிப் படிப்படியாகச் சேர்ந்து, நீண்ட நாள் வாழும் பெரிய வேட்டை மீன்களின் சதையில் அதிகமாகிறது. கழுவினாலும், மஞ்சள் போட்டு ஊற வைத்தாலும், எவ்வளவு வேக வைத்தாலும் அது போகாது. சுறா, மயில்மீன், பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் எல்லாம் இந்த வரிசையில் வருகின்றன. திடமான ஆண்கள் எப்போதாவது சாப்பிடுவதில் பெரிய ஆபத்தில்லை. கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், சின்னக் குழந்தைகளுக்கும்தான் கவனம் வேண்டும். வளரும் மூளையையும் நரம்பையும் பாதிப்பது அது. ரசம் சேர்ந்த மருந்துகளை நான் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. அப்படியிருக்க மீன் வழியாக மட்டும் ஏன்?

அதற்காகக் கர்ப்பிணிக்கு மீனையே நிறுத்திவிடாதீர்கள். அது பெரிய நஷ்டம். குழந்தையின் மூளைக்கு மீன் எண்ணெய்ச் சத்து வேண்டும். மத்தி, நெத்திலி, கிழங்கான் போன்ற சின்ன மீன்களாக, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை நன்றாக வேக வைத்துச் சாப்பிடலாம்.

யாருக்கு ஆகாது? யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் வீங்கி வலிக்கிறவர்கள் மத்தி, நெத்திலி இரண்டையும் தவிர்க்க வேண்டும். ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கருவாடு வேண்டாம். உப்பில் ஊறியது அது. கரப்பான் போன்ற தோல் நோய்க்குச் சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள், வைத்தியர் பத்தியம் சொன்னால் மருந்து முடியும் வரை மீனை நிறுத்துங்கள். "வாசனைக்குக் குழம்பு மட்டும் ஊத்திக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். குழம்பும் மீன்தான்! மீனோடு பாலோ தயிரோ சேர்க்காதே என்பது நம் பழக்கம். நானும் அப்படித்தான் சொல்வேன். தெரியாமல் மோர் குடித்துவிட்டால் பதற வேண்டியதில்லை.

கடைசியாக, பிரசவமான வீடுகளில் நான் வழக்கமாக வாதாடும் விஷயம்: பால் சுறா. "தாய்ப்பால் ஊறும், எங்க அம்மா எனக்குக் கொடுத்தாங்க, நான் மகளுக்குக் கொடுக்கிறேன்" என்பார்கள். அந்தக் காலத்தில் கரையில் கிடைத்த குட்டிச் சுறாவைப் பார்த்து வாங்கினார்கள். இன்று நகரத்துக் கடையில் 'பால் சுறா' என்று கட்டித் தருவது எந்தச் சுறாவின் எந்தத் துண்டோ, யார் கண்டார்கள்? அமெரிக்காவில் கர்ப்பிணியும், பால் கொடுக்கும் தாயும், குழந்தையும் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலில் சுறா இருக்கிறது. பால் சுரப்பதற்கு முதல் காரணம் குழந்தை அடிக்கடி உறிஞ்சிக் குடிப்பது. அடுத்து தாய்க்குத் தண்ணீர், புரதம், தூக்கம். அந்தப் புட்டில் நல்லது செய்தது புரதமும் பூண்டும் என்பது என் கருத்து. அவை வேறு மீனிலும் கிடைக்குமே!

ஆகவே புட்டை விட வேண்டாம், சுறாவை மட்டும் மாற்றுங்கள். சின்னப் பாறையோ கொடுவாவோ அரை கிலோ எடுத்து, மஞ்சளும் உப்பும் தடவி, இட்லித் தட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆவியில் வேக வையுங்கள். ஆறியதும் தோலையும் முள்ளையும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு இருமுறை விரலால் தடவிப் பாருங்கள், முள் தப்பிவிடும். நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், பதினைந்து பல் பூண்டு இரண்டையும் பொடியாக நறுக்கி வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு, மேலே சொன்ன மசாலாப் பொடியில் ஒரு தேக்கரண்டி தூவிக் கிளறி, ஈரம் வற்றி உதிர் உதிராக வந்ததும் இறக்குங்கள். சூடான சோற்றோடு மதியச் சாப்பாட்டில் கொடுக்கலாம். மீதி இருந்தால் இரவுக்கு என்று வெளியே மூடி வைக்க வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் அப்போதே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.